மூணு ஓட்டைக்காரர்

அந்த வீட்டில் குடிக்கிறவர் யாரும் கிடையாது. இருந்தும் பின்னறைக் கதவைத் திறந்தால் நானூற்றுப் பன்னிரண்டு பீர் டின்கள் வரிசை கட்டி நிற்கும். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒருமுறை சமையலறை என்று நினைத்து அந்தக் கதவைத் திறந்துவிட்டார். திறந்த வேகத்தில் மூடி, எலக்ட்ரீஷியனின் மனைவியை ஏற இறங்கப் பார்த்து, "ரொம்பக் கஷ்டந்தாம்மா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று பூராவும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். "ஒரு சொட்டு உள்ள போகாமலே குடிகாரன் பேரு வாங்கின ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

உண்மையும் அதுதான். எலக்ட்ரீஷியனுக்குக் குடி ஒத்துக்கொள்ளாது. கல்யாணத்துக்கு முன்பு நண்பர்கள் வற்புறுத்தி ஒரு தரம் குடிக்க வைத்ததில் இரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அதோடு சரி. அவருக்கு வேண்டியது டின்தான். அதுவும் இப்போது கடையில் விற்கிற அலுமினிய டின் இல்லை. அந்தக் காலத்து இரும்பு டின். இழுத்துத் திறக்கிற வளையம் கிடையாது, மேல்மூடி தட்டையாக இருக்கும். முனை வளைந்த ஓப்பனர் ஒன்றை விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டி நெம்பினால் முக்கோணமாக ஓட்டை விழும். குடிக்க ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கம் காற்றுப் போக ஒரு ஓட்டை. திறக்கத் தெரியாதவன் கையைக் கிழித்துக்கொள்வான்.

இந்தப் பைத்தியம் அவருக்கு வேலையிலிருந்து வந்தது. முப்பது வருஷமாகப் பழைய கட்டிடங்களுக்கு வயர் மாற்றுகிற வேலை. வேலை என்றால் தரையில் நின்று செய்கிற வேலை இல்லை. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்கிற இடைவெளி இருக்குமே, அங்கே. ஒடிசலான உடம்பு. "உன்னைப் பெத்தவங்க சீலிங்க அளவெடுத்துட்டுத்தான் பெத்திருக்காங்க" என்பார் அவரை வேலைக்குச் சேர்த்த காண்டிராக்டர். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்கிற மாதிரி, எங்கே பாழடைந்த கட்டிடம் இருக்கிறதோ அங்கே எலக்ட்ரீஷியன் இருப்பார்.

முதல் டின் கிடைத்தது மூடிப்போன ஒரு மில்லின் ஆபீஸ் கட்டிடத்தில். டார்ச் வெளிச்சத்தில் உத்தரத்தின் மேல் ஏதோ நின்றது. விரலால் தூசியை வழித்தால் உள்ளே சிவப்பும் பொன்னிறமும் நேற்று அடித்த பெயின்ட் மாதிரி பளிச்சென்றிருந்தன. கட்டிடம் கட்டிய காலத்தில் யாரோ ஒரு வேலைக்காரர் குடித்துவிட்டு வைத்திருக்க வேண்டும். வைத்த இடத்தில் வைத்தபடியே நாற்பது வருஷம் இருந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைப் பிடித்து உலுக்கியது அதுதான். அவர் சிறு வயதில் பதினொரு வாடகை வீடு மாறியவர். ஒவ்வொரு முறை காலி பண்ணும்போதும் அவருடைய அம்மா வண்டியில் இடமில்லை என்று பாதிச் சாமானைத் தெருவோரம் வைத்துவிடுவார். பம்பரம் போனது, சைக்கிள் போனது, ஒரு தரம் அப்பாவின் போட்டோ கூடப் போனது. வைத்தது வைத்தபடி இருக்கிற ஒரு பொருளை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தார். சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பிறகு பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் விவரம் கேட்டுக்கொண்டார். மண்ணில் புதைந்த டின் துருப்பிடித்துவிடும், வெயிலில் கிடந்தது வெளிறிவிடும், இருட்டும் வறட்சியுமான சீலிங்கில் இருந்ததுதான் தேறும் என்றார் கடைக்காரர். "அதுக்காக அவனவன் ஊர் ஊரா அலையறான், உனக்குச் சம்பளமும் கொடுத்து உள்ள அனுப்புறாங்க" என்று பொறாமைப்பட்டார். கழுவுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, பஞ்சு. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். உடனே காயவைக்க வேண்டும். அதற்காக மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து எடுத்து அது ஒரு நாள் புகைந்து போய், வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. ஆனால் அவளேதான், தான் வரவேற்பில் வேலை பார்க்கிற பல் டாக்டர் கிளினிக்கில் கழித்துப்போட்ட வாய்க் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீளக் கைப்பிடியில் சின்ன வட்டக் கண்ணாடி. டின்னின் ஓட்டைக்குள் விட்டு உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்கலாம். "வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்க" என்பாள்.

மூணு ஓட்டை டின் முதன்முதலில் கிடைத்தபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிக்கிற பக்கம் ஒரு பெரிய ஓட்டை. எதிர்ப்பக்கம் ஒன்றுக்குப் பதில் இரண்டு சின்ன ஓட்டைகள். கைதவறிக் குத்தியிருப்பார்கள் என்று நினைத்தார். அடுத்த வருஷம் ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சீலிங்கில் இன்னொன்று. அதே பெரிய ஓட்டை, அதே இரண்டு சின்ன ஓட்டைகள், அதே இடைவெளி. மூன்றாவது ஒரு பழைய ஆஸ்பத்திரியில். மேலிருந்து பார்த்தால் அது ஒரு முகம். இரண்டு கண், திறந்த வாய்.

மூன்றையும் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒரே கை" என்றார்.

"என்னது?" என்றாள் மனைவி.

"மூணும் ஒரே ஆள் குத்தினது. எனக்கு முன்னாடி இந்தக் கட்டிடத்துக்கெல்லாம் வயர் போட்ட ஆளு."

அதற்குப் பிறகு அவருக்கு அந்த ஆள் பழக்கமாகிவிட்டார். மூணு ஓட்டைக்காரர் என்று பேர் வைத்தார். பழைய வயரை உருவும்போது, முடிச்சுப் போட்டிருக்கிற விதத்தைப் பார்த்தே இது அவர் வேலை, இது வேறு ஆள் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. சுத்தமான கை. ஒரு இடத்திலும் அவசரம் தெரியாது. ஒரு கட்டிடத்துக்கு ஒரே ஒரு டின்தான், அதற்கு மேல் இல்லை. அதுவும் எப்போதும் ஒரே இடம்: ஏறுகிற வாசலுக்கு இடது கைப் பக்கம், இரண்டாவது உத்தரம். ஆள் இடது கைக்காரர் என்பது எலக்ட்ரீஷியனுக்கு நான்காவது டின்னில் புரிந்தது.

ஆறாவது டின்னை அவர் தேடி எடுக்கவில்லை. ஒரு பழைய கோர்ட் கட்டிடத்தில் ஏணியில் ஏறித் தலையை உள்ளே நுழைத்தார். டார்ச் இன்னும் இடுப்பிலேயே இருந்தது. இடது கை அதுபாட்டுக்கு இருட்டுக்குள் நீண்டது, இரண்டாவது உத்தரத்தைத் தொட்டது, டின்மேல் படிந்து நின்றது. நல்ல வெயில் காலம். சீலிங்குக்குள் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி அனல். டின் மட்டும் குளிர்ந்திருந்தது, சற்று முன்புதான் யாரோ பிடித்திருந்துவிட்டு வைத்தது போல. பயத்தை மறைக்க நினைத்தாரோ என்னவோ, "அண்ணே, இங்கயும் வந்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேட்டார். கேட்ட பிறகு, பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்பது உறைத்ததும் கிடுகிடுவென்று இறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் டீயை டம்ளரில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, எப்பலேர்ந்து இடது கையில ஊத்துறீங்க?" என்றாள். அவர் கையைப் பார்த்தார். பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

அவள் அந்த மூணு ஓட்டை டின்களைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். "மத்ததெல்லாம் டப்பா. அது மட்டும் என்னைப் பாக்குது" என்றாள். தனி அலமாரியில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். காலையில் துண்டு விலகியிருந்தால் காற்று என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றுதான். அதுவும் திறக்க வராது.

ஏழாவது கிடைத்ததும் எலக்ட்ரீஷியனுக்கு இனித் தாங்காது என்றாகிவிட்டது. டின்னைப் பையில் போட்டுக்கொண்டு காண்டிராக்டர் வீட்டுக்குப் போனார். காண்டிராக்டருக்கு அப்போது எழுபத்தாறு வயது. முட்டி இரண்டும் போய், தொழிலை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு, முன்னறையில் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எலக்ட்ரீஷியன் டின்னை எடுத்து ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

காண்டிராக்டர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை. மறு உள்ளங்கையால் டின்னின் மூடியை மூடினார். மூன்று ஓட்டையும் அந்தக் கைக்கடியில் மறைந்தன.

"இதை எங்கடா எடுத்தே?"

"ஏழு இடத்துல எடுத்தேண்ணே. யாரு இது?"

காண்டிராக்டர் டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடி எங்கிட்ட இருந்தான் ஒருத்தன். இடக்கையன்னு கூப்பிடுவோம். நல்ல வேலைக்காரன். வேலை முடிஞ்சா மேலேயே உக்காந்து ஒரு டின் குடிச்சிட்டுத்தான் இறங்குவான். ஒண்ணுதான். எங்களுக்கெல்லாம் தெரியும். லைப்ரரி வேலையில கீழ விழுந்து செத்துட்டான்."

"எப்படி?"

"எப்படின்னா? குடிச்சிருந்தான். கால் நழுவிடுச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும்." கையை எடுக்காமலே சொன்னார். "எடுத்துட்டுப் போ. இனிமே இந்தக் குப்பையெல்லாம் இங்க கொண்டாராத."

விதி என்று சொல்வதா, அந்த வருஷமே லைப்ரரியின் வயரிங் முழுவதையும் மாற்றுகிற வேலை மருமகனுக்குக் கிடைத்தது. விஷயம் தெரிந்ததும் காண்டிராக்டர் எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணினார். "நீ அங்க போகாத. வேற ஆளை அனுப்பச் சொல்றேன்." இத்தனை வருஷத்தில் அவர் இப்படி ஒரு வேலையிலிருந்து விலக்கியதே இல்லை. எலக்ட்ரீஷியன் சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் எட்டு மணிக்கு ஏணியோடு லைப்ரரி வாசலில் நின்றார்.

படிக்கிற கூடம் பெரியது. புத்தக அலமாரிகளை பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தார். சீலிங் வெள்ளையில், கதவு அகலத்துக்கு ஒரு சதுரம் மட்டும் வேறு வெள்ளையாகத் தெரிந்தது. காவலாளியும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எத்தனை தடவை பெயின்ட் அடிச்சாலும் அது தெரியுது சார்" என்றார்.

மேலே ஏறினார். டார்ச்சைப் போட்டுக்கொண்டுதான் ஏறினார், கையை நீட்டவில்லை. வெளிச்சத்தை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். இரண்டாவது உத்தரத்தின் மேல் டின் நின்றது. பக்கத்தில் ஓப்பனர். அது தொலையாமல் இருக்க வயர் துண்டு ஒன்றால் ஆணியில் கட்டியிருந்தது.

எடுத்தார். கனத்தது. ஆட்டினால் உள்ளே தளும்புகிற சத்தம். மூடியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை. ஒன்றுகூட இல்லை.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சேர்க்கிறவனுக்குத் திறக்காத டின் புதையல். ஆனால் அந்த நினைப்பே அப்போது அவருக்கு வரவில்லை. டார்ச்சை முன்னால் திருப்பினார். உத்தரங்களின் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. ஒரே ஒரு பலகை. அது முடிகிற இடத்துக்கு அந்தப்பக்கம், கீழே பார்த்த அந்தச் சதுரம், பிற்பாடு ஒட்டுப்போட்ட மரத்தில். பலகையின் முனைக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் எட்டி வைக்கிற தூரம்.

பழைய சீலிங்கில் உத்தரத்தைத் தவிர வேறெதன்மேல் கால் வைத்தாலும் கால் உள்ளே போய்விடும். அதனால் இரண்டு பலகை வேண்டும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை முன்னால் நகர்த்திப் போட வேண்டும். எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காண்டிராக்டர் சொன்னது அது. சொன்னதில்லை, கத்தினார். "ரெண்டு பலகை இல்லாம எவனாவது மேல ஏறினா காலை ஒடிச்சிடுவேன்!" புதுசாகச் சேர்ந்தவனிடம் எதற்கு இவ்வளவு ஆத்திரம் என்று அன்றைக்கு அவருக்கு விளங்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. இந்த முறை அவர் இறங்கி ஓடவில்லை. "சரிண்ணே" என்றார். "புரிஞ்சுது."

நேராகக் காண்டிராக்டரிடம் போனார். டின்னை மேசைமேல் வைத்து, மூடியை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"அவர் குடிக்கலைண்ணே."

காண்டிராக்டர் மூடியைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ரேடியோ பாகங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி மேசையைச் சுத்தம் செய்தார். யாருக்கோ இடம் விடுகிற மாதிரி இருந்தது.

"ரெண்டு பலகை இருந்துச்சு," என்றார் கடைசியில். "அன்னைக்குக் காலையில நாந்தான் ஒண்ணை எடுத்துட்டு வேற வேலைக்குப் போனேன். ஒண்ணை வச்சு சமாளிச்சுக்கடான்னேன். முறைச்சான். சரின்னான். மத்தியானம் ஆள் வந்து சொன்னாங்க." மூச்சு வாங்கினார். "போலீஸ்காரர் கேட்டாரு, குடிக்கிற பழக்கம் உண்டான்னு. உண்டுன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். குடிச்சிருந்தான்னு நான் சொல்லவே இல்லை, தெரியுமா? மீதியை அவங்களே எழுதிக்கிட்டாங்க. நான் பேசாம இருந்தேன். எல்லாரும் நம்புறதுக்குத் தயாரா இருந்தாங்கடா."

"அவங்க வீட்ல?"

"பொண்டாட்டிக்கு யூனிஃபார்ம் தைக்கிற இடத்துல வேலை வாங்கிக் கொடுத்தேன். முப்பது வருஷம் பார்த்தா. வழியில பார்த்தா நல்லா இருக்கீங்களா அண்ணேன்னு கேப்பா." இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ போய்ச் சொல்லிடு. எனக்கு வாய் வரல. இத்தனை வருஷமா வரல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் முழுவதையும் சொன்னார். "நாப்பது வருஷம் கழிச்சு அந்தம்மாவுக்கு இது எதுக்கு?" என்றாள். பிறகு அவளே, "ஆனா நாம மட்டும் தெரிஞ்சு வச்சிக்கிட்டு இந்த வீட்ல எப்படி இருக்கறது?" என்றாள். டின்னைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி. இடக்கையரின் மனைவி, எழுபதைத் தாண்டிய அம்மா, கதவைத் திறந்தார். ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின், ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. தையல் வேலையில் வளைந்த முதுகு நிமிரவே இல்லை. லைப்ரரியில் வேலை செய்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் விட்டுப்போன ஒன்று கிடைத்தது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். தாளைப் பிரித்ததும் அம்மா இரண்டடி பின்னால் போனார்.

"இதை உள்ள கொண்டாராதீங்க தம்பி. எடுத்துட்டுப் போயிடுங்க."

"அம்மா, மூடியை ஒரு தரம் பாருங்க. திறக்கவே இல்லை. அவர் அன்னைக்குக் குடிக்கல."

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. டின்னை வாங்கி மூடியை விரலால் தடவினார். துணியில் தையல் ஓடிய இடத்தைத் தடவிப் பார்ப்பது போல விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தடவினார். திரும்பவும் தடவினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்டுல அவர் ஒரு நாளும் குடிச்சதில்லை," என்றார். "வாடை கூட வந்ததில்லை. செத்தப்புறம்தான் ஊரே வந்து சொல்லுச்சு, குடிச்சிட்டு விழுந்தான்னு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எங்கிட்ட மறைச்சிருக்காருன்னு. குடிச்சதுக்குக் கூட இல்ல தம்பி. இத்தனை நாள் பக்கத்துல படுத்துக்கிட்டு என்னை ஏமாத்தியிருக்காரேன்னு. நாப்பது வருஷமா தினமும் அவரைத் திட்டிட்டுத்தான் படுக்கறேன்."

எலக்ட்ரீஷியன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று ஓட்டை விஷயத்தைச் சொன்னார். எல்லாரும் இரண்டுதான் குத்துவார்கள், இவர் மட்டும் ஏன் மூன்று குத்தினார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் அம்மா. "அவர் குடிச்சு நான் பார்த்ததே இல்லையே."

கீழே ஒரு பஸ் கிளம்பிப் போனது. பிறகு அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "அப்போ எதனால விழுந்தாரு?"

அவர் இதற்காகத்தான் வந்திருந்தார். பலகையைப் பற்றிச் சொன்னார். யார் எடுத்தார் என்பதையும் சொன்னார். அம்மா அழவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த அண்ணன்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தாரு."

"சொன்னாரும்மா. நேர்ல வந்து... அவரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"வேணாம். வந்து நின்னாருன்னா மன்னிக்க வேண்டியதாயிடும். எனக்கு இப்ப அது முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "எங்க வீட்டுக்காரரைத் திட்டித் திட்டியே பழகிட்டேன். இனிமே ராத்திரி படுத்தா யாரைத் திட்டுவேன்? சொல்லுங்க" என்றார். அது கோபமா கேலியா என்று எலக்ட்ரீஷியனுக்குத் தெரியவில்லை. நல்லது செய்ய வந்தோமா, இருந்த ஒரு பிடியையும் பிடுங்கிப் போட வந்தோமா என்றும் தெரியவில்லை.

டின்னைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அம்மாவும் கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து அம்மாவே போன் பண்ணினார். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஏணி ஏற வேண்டியிருக்கும், முடியாதும்மா என்று அவர் சொல்லிப் பார்த்தார். "முப்பது வருஷம் மிஷின் மிதிச்ச காலு தம்பி. ஏறும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லைப்ரரி மூடியிருந்த நேரம், காவலாளியிடம் சொல்லி உள்ளே கூட்டிப்போனார்கள். எலக்ட்ரீஷியனின் மனைவியும் கூட வந்தாள். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தச் சதுரத்தை அண்ணாந்து பார்க்கவே இல்லை. எலக்ட்ரீஷியன் ஏணியை இரு கையாலும் பிடித்துக்கொள்ள, மனைவி பின்னால் நின்று காலைத் தாங்கிக்கொள்ள, ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கி நின்று நின்று ஏறினார். டார்ச் கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். தலையும் தோளும் வாசலுக்குள் போய் மறைந்தன. கீழே இருப்பவர்களுக்கு வெளுத்த புடவைக் கரையும், படியில் ஊன்றிய இரண்டு பாதங்களும்தான் தெரிந்தன.

அப்புறம் பேச்சுக் குரல் கேட்டது. திட்டுகிற குரல் இல்லை. அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே கூடத்தில் இருக்கிறவரிடம் எதையோ சொல்வார்களே, அந்தத் தொனி. வார்த்தை பிடிபடவில்லை. நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்டுக்கொள்கிற மாதிரி ஓர் இடைவெளி விட்டு, மறுபடி பேசினார். எலக்ட்ரீஷியனின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல் ஐஸ் மாதிரி இருந்தது.

இறங்கி வந்ததும் அம்மா தண்ணீர் கேட்டார். முகத்தில் தூசி, கன்னத்தில் இரண்டு கோடு. முழுச் சொம்பையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா வெளிச்சம் வருது தம்பி மேல," என்றார். "ஓட்டு இடுக்கு வழியா வெயில் விழுது. நான் இத்தனை நாளா அது கும்மிருட்டுன்னு நெனச்சிட்டிருந்தேன். இருட்டுல கெடந்து செத்தாரேன்னு."

மனைவியிடம் அம்மாவை ஒப்படைத்து வாசலுக்கு அனுப்பிவிட்டு, ஏணியை மடிப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் மேலே ஏறிப் பார்த்தார். முப்பது வருஷமாகச் சீலிங்குக்குள் வாழ்கிறவர். அந்த லைப்ரரியில் மட்டும் ஒரு மாதமாக ஏறி இறங்குகிறார். அங்கே ஓடு கிடையாது. தளம் போட்ட கூரை. தலையை நுழைத்துக் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தார். முகத்துக்கு முன்னால் கையைக் காட்டினால் கை தெரியாத இருட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊசி முனை அளவு வெளிச்சம்கூட இல்லை.

இறங்கி வாசலுக்கு வந்தார். அம்மா படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா தம்பி?" என்றார்.

"ஆமாம்மா," என்றார் எலக்ட்ரீஷியன். "நல்ல வெளிச்சம்."